சொதிச் சட்டியும் வி-எயிட் எஞ்சினும்

1. தவணை

குறைந்த செலவில் வேகமான கார் கட்டித் தரும்படி என் கராஜுக்கு வருகிறவர்களிடம் முதலில் ஒன்று கேட்பேன்: "வீட்டில தெரியுமோ?" வெக்ஸ்போர்ட்டில் கராஜ் திறந்த நாளிலிருந்து கேட்கிறேன். சட்டென்று பதில் சொன்ன ஆணை இன்னும் காணவில்லை.

ரமணனும் சொல்லவில்லை. மல்வேர்னில் இருக்கும் பஸ் ட்ரைவர். கிழமை முழுக்க பஸ்ஸை ஆமை வேகத்தில் உருட்டுகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமையாவது பறக்க ஆசை. ஒஷாவாவில் ஒரு வீட்டின் பின்வளவில் படங்கு மூடிக் கிடந்த பழைய இரண்டு கதவுக் காரை வாங்கி, கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். எஞ்சின் முழுக்கத் துரு.

"அண்ணை, பெயின்ற் அடிச்சா ஜோரா இருக்கும்" என்றார்.

"தம்பி, பெயின்ற் ஓடாது" என்றேன்.

அடுத்த நாள் அவருடைய மனைவி சாந்தினி வந்தார். பார்ட்டிகளுக்கு இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் செய்து கொடுப்பவர். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"அண்ணை, இவருக்கு இந்தச் சம்மர் முடியுமட்டும் தவணை. கார் கட்டி இழுக்காமல் தானா ரேஸ் ட்ராக்குக்கு ஓடிப் போகோணும். கால் மைலைப் பதினாலு செக்கனுக்குள்ள முடிக்கோணும். தானா வீட்டை வரோணும். ஒண்டு பிழைச்சாலும் வித்துப்போட்டு மினிவான் எடுக்கிறம்."

"ஓம்" என்றார் ரமணன், பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர் போல.

2. வீட்டுச் சோதனை

விபத்தில் நொறுங்கிய பிக்கப் ட்ரக் ஒன்றிலிருந்து வி-எயிட் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் கழற்றி வந்து பூட்டினேன். புதிதாக வாங்கியது பிரேக், ரேடியேட்டர், பின் டயர் மட்டுமே. நிற்கத் தெரியாத காரை ஓடவிடக் கூடாது. ரமணனுக்கு அதில் மனக்குறை. பிரேக் எஞ்சின் போல உறுமாதல்லவா!

என் கராஜில் ஒரு வழக்கம் உண்டு. கட்டிய காரை நேரே ட்ராக்குக்கு விடமாட்டேன். சில கிழமைகள் வீட்டார் அதைக் கடைக்கும் வேலைக்கும் ஓட்ட வேண்டும். எங்கே ஒழுகுகிறது, சிக்னலில் நின்றால் சூடாகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். ரமணன் பகலெல்லாம் பஸ்ஸில். ஆகவே ஓட்டியது சாந்தினி. பின் சீட்டில் சொதிச் சட்டியை வைத்து மல்வேர்ன் முழுக்கச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார். "அண்ணை, உது பெற்றோல் குடிக்கிற பேய்" என்று அடிக்கடி எனக்குப் போன். ஆனாலும் கார்த் திறப்பை அவர் ஒருநாளும் திருப்பிக் கொடுக்கவில்லை.

3. கடைசி ஓட்டம்

சம்மர் முடிகிற ஞாயிற்றுக்கிழமை மூவரும் அந்தக் காரிலேயே ட்ராக்குக்குப் போனோம். பச்சை விளக்கு விழுந்ததும் ரமணன் அக்ஸிலேட்டரை ஒரே மிதி. பின் சில்லுகள் நின்ற இடத்திலேயே சுழன்று புகை கக்கின. பதினைந்து செக்கனுக்கு மேல்.

டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, "மெல்ல மிதியும்" என்றேன். தலையாட்டினார். பச்சை விளக்கைக் கண்டதும் எல்லாம் மறந்து போயிற்று. மறுபடியும் புகை. எஞ்சினின் பலமெல்லாம் வீண். அந்த எஞ்சினை என் கையால் இறக்கியவன் நான்.

இன்னும் ஒரு ஓட்டத்துக்குத்தான் நேரம் இருந்தது. ரமணன் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டு, "வித்திடுவம்" என்றார். கண் கலங்கியிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது.

சாந்தினி கதவைத் திறந்தார். "இறங்குங்கோ."

"நீர் ஓட்டப் போறீரோ?"

"ஒரு துளி சொதி சிந்தாமல் இதை ஓட்டினவள் நான். ஹெல்மெட்டைத் தாங்கோ."

ட்ராக்குக்காரரிடம் தன் பெயரைப் பதிந்து கையெழுத்து வைத்து, கொண்டையை அவிழ்த்து ஹெல்மெட்டைப் போட்டார். பச்சை விளக்கு. பின் சீட்டில் சட்டி இருப்பதுபோலக் காலை மெல்ல வைத்தார். புகையே இல்லை. சில்லு தரையைப் பிடித்து, கார் நகர்ந்த பிறகுதான் முழுதாக மிதித்தார். போர்டில் பதின்மூன்றில் தொடங்கும் இலக்கம் விழுந்தது. ரமணன் துள்ளிக் குதித்து என்னைக் கட்டிப்பிடித்தார். நானும் சேர்ந்து துள்ளினேன்.

கார் ஒரு முனகல்கூட இல்லாமல் வீடு வந்து சேர்ந்தது. ஓட்டி வந்ததும் சாந்தினிதான்.

"காரை விக்கத் தேவையில்லை" என்றார். ரமணன் முகத்தில் ஆயிரம் பல்ப். "ஆனா மினிவான் எடுக்கிறம்."

"அதேன்?"

"நீங்கள் ஓட்ட."

இத்தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பலமான எஞ்சினை ஸ்க்ராப் யார்டில் எடுக்கலாம். அந்தப் பலம் டயர் வழியாகத்தான் தரைக்கு இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதை மிதிக்கிற கால்தான் முடிவு செய்கிறது.

ரமணன் இப்போது மினிவானுக்கு ஒயில் மாற்ற வருகிறார். நானும் என் கேள்வியை மாற்றிவிட்டேன். கார் கட்ட வருகிறவர்களிடம், "வீட்டில ஆர் நல்லா ஓட்டுறது?" என்று கேட்கிறேன்.

அதற்கும் சட்டென்று பதில் வருவதில்லை.