பேரிங்குக்கு வைத்த பொட்டு

போன வாரம் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு, மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். முட்லூர் தாண்டியதும் பஸ்ஸுக்குள் ஒரு தீய்ந்த வாடை. பக்கத்து சீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "டயர் எரியுதா பெரியம்மா?" என்றாள்.

"பயப்படாத. பிரேக்கு சூடாயிருக்கு. பேரிங் போனா வாடை வேற மாதிரி வரும்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள்தான். ஆனால் சக்கரத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது.

பேரிங் எரிகிற வாடையை நான் ஒரே ஒரு முறைதான் முகர்ந்திருக்கிறேன். அப்போது எங்களிடம் ஒரு டிராக்டரும் டிரெய்லரும் இருந்தன. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போவோம். ஓட்டியது என் கொழுந்தன் செல்வராசு. டிரெய்லருக்கு பிரேக் சரிபார்ப்பதும் அவன்தான். சக்கரத்தைக் கழற்றிப் பேரிங்குக்குக் கிரீஸ் வைப்பது என் வேலை. வீட்டுக்காரருக்குக் கிரீஸ் பட்டால் கை கொப்பளித்துவிடும்; அப்படித்தான் அது என்னிடம் வந்தது. வந்ததும் நல்லதுதான். ஆண்கள் மேலாகத் தடவி மாட்டிவிடுவார்கள். நான் சீமெண்ணெயில் அலசிக் காயவைத்து, உள்ளங்கையில் கிரீஸை எடுத்து, பேரிங்கின் ஓரத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் பிதுங்கி வரும்வரை விடமாட்டேன். கொழுக்கட்டை பிடிக்கிற கை அல்லவா. நட்டை இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். ஆடக் கூடாது. சுற்றிவிட்டால் சத்தமில்லாமல் சுற்ற வேண்டும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டேன். அலசிய பேரிங்குகள் புதுக் கொலுசு மாதிரி மின்னின. ஆசை யாரை விட்டது. ஸ்பேனர், ஜாக்கியோடு அவற்றையும் வாழையிலையில் வைத்துப் படைத்தேன். சந்தனத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு, அதன்மேல் குங்குமம். பூஜையில் வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது, அதுவாகத்தான் உதிர வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆகவே மறுநாள் பொட்டோடேயே கிரீஸ் வைத்து மாட்டினேன். புத்தி எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். சாமிக்கு வைத்ததை எடுக்க மனசு வரவில்லை.

கரும்பு வெட்டு தொடங்கி மூன்றாவது நடை. ஆலைக்கு முன்னால் வண்டிகள் வரிசையில் நிற்கிற இடத்தில் எங்கள் டிரெய்லரின் இடது சக்கரம் புகைந்ததாகத் தகவல் வந்தது. வீட்டுக்காரர் என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போனார். முன்வண்டிக்காரர் செல்வராசைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "என்னா மச்சான், உள்ள போறதுக்குள்ள நீயே வெல்லம் காய்ச்சிட்ட போலருக்கு."

ஜாக்கி போட்டு, கட்டை முட்டுக் கொடுத்து, நான்தான் பிரித்தேன். கறுத்த கிரீஸுக்கு நடுவில் கொஞ்சம் குங்குமச் சிவப்பு. சந்தனத் தண்ணீர் இறங்கிய இடமெல்லாம் துரு அரித்து, பேரிங்குக்குள் இருக்கிற உருளைகள் நொறுங்கிக் கிடந்தன. முந்தானையால் சட்டென்று துடைத்தேன்.

"என்னாச்சி?" என்றார் வீட்டுக்காரர்.

"பிரேக்கு புடிச்சிக்கிட்டே வந்திருக்கும்" என்றேன். அத்தனை ஆண்கள் பார்த்துக்கொண்டு நிற்க, வேறு எதுவும் என் வாயில் வரவில்லை.

அவர் தம்பி பக்கம் திரும்பினார். "பிரேக்கு வெக்கத் தெரியாதவனுக்கு எதுக்குடா வண்டி? சாவியக் குடு."

செல்வராசு சாவியைக் கொடுத்தான். வீட்டுக்கு நடந்தே வந்தான்.

இடது சக்கரத்துக்குப் புதுப் பேரிங் போட்டு, வேறு டிரைவரை வைத்தார் வீட்டுக்காரர். வலது சக்கரத்தை யாரும் இல்லாத நேரம் பார்த்து நானே கழற்றி, துரு பிடித்ததை மாற்றி மாட்டினேன். என் திமிரைப் பாருங்கள், சக்கரத்தைத் திருத்தினேன், சொன்ன பொய்யைத் திருத்தவில்லை. செல்வராசுக்கு டிராக்டரை விட்டால் வேறு தொழில் தெரியாது. நாலாம் நாள், "கிள்ளையில படகுக்கு ஆள் எடுக்கறாங்களாம், போறேன்" என்று பையில் இரண்டு சட்டையை மடித்து வைத்தான். தண்ணீரில் கால் வைக்கவே பயப்படுகிறவன்.

மத்தியானம் இருவருக்கும் சோறு போட்டேன். குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னேன்: "சாவிய அவங்கிட்டயே குடுங்க. பேரிங்குக்குப் பொட்டு வெச்சி அப்படியே மாட்டுனது நான். பிரேக்குல ஒண்ணும் இல்ல."

வீட்டுக்காரர் பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்துகொண்டிருந்தார். பிறகு இடது கையால் மடியிலிருந்த சாவியை எடுத்துத் தம்பியின் தட்டோரம் வைத்தார். "அடுத்த வருஷம் பேரிங்குக்குக் காதும் குத்திடாத" என்றார் என்னிடம். அவ்வளவுதான்.

செல்வராசு தலையை நிமிர்த்தவில்லை. "அன்னிக்கே பாத்தேன் அண்ணி. முந்தானையில செவப்பு ஒட்டியிருந்துச்சி."

"அப்புறம் ஏண்டா சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

டிரெய்லர் பழைய இரும்புக்குப் போய்விட்டது. வீட்டுக்காரரும் இல்லை, செல்வராசும் இல்லை. இப்போது நான் பாலைப் பொங்கவிட்டால், மாத்திரையை மாற்றிப் போட்டால், பிள்ளைகள் அந்த நிமிஷமே சொல்லிவிடுகிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நானே சொல்லட்டும் என்று நாலு நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க இந்த வீட்டில் ஆள் இல்லை.