கிரேக்கத்துக்காரி கையில் சொம்பு

சனிக்கிழமை காலை 9.10. டெக்சாஸில் எங்கள் ஊர் ரவுண்ட் ராக்கிலிருந்து சான் அன்டோனியோ தொண்ணூற்றேழு மைல். கார் ஓட்டியவர் பக்கத்து வீட்டு நித்யா அக்கா. பின் சீட்டில் அவருடைய ஏழு வயது மகள் தாரா. இந்தப் பயணத்துக்குக் காரணம் நான்தான். மறுநாள் தமிழ்ப் பள்ளியில் தாரா உட்பட ஒன்பது பிள்ளைகளுக்குக் கிரேக்கச் சிற்பம் பற்றிப் பேச வேண்டும். இணையத்தில் கிடைத்த மங்கலான படமொன்றை வைத்து, 'சொம்பு ஏந்திய பெண்' என்று ஸ்லைடு போட்டு, பெற்றோர் வாட்ஸாப் குழுவிலும் அனுப்பிவிட்டேன். அதைப் பார்த்து அக்கா சிரித்ததிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. சான் அன்டோனியோ அருங்காட்சியகத்தில் இருக்கும் மூலச் சிற்பத்தையே பார்த்துவிடக் கிளம்பிவிட்டோம்.

"சொம்போட கழுத்து, வயிறு எல்லாம் தெரியுதேக்கா!"

"உனக்கு எதப் பாத்தாலும் சொம்புதான் அனு," என்றார், ஃப்ரீவேயில் லேன் மாறியபடி.

10.15. சான் மார்கோஸில் காபி, 3.25 டாலர். சூடு மட்டும் நன்றாக இருந்தது.

11.25. அருங்காட்சியகம். பெரியவர்களுக்கு இருபது டாலர், தாராவுக்கு இலவசம். நேரே அந்தச் சிற்பப் பெண்ணிடம் ஓடினேன். இரண்டு சாண் உயரப் பளிங்குத் துண்டு. தலை இல்லை, இடது தோள் இல்லை, பாதமும் ஒன்றுதான். ஆனாலும் நடந்துகொண்டிருக்கிறாள்! வெள்ளைவெளேரென்று இருப்பாள் என நினைத்திருந்தேன். தேன் விட்ட பால் நிறம். பின்னாலுள்ள பளிங்குப் பலகையிலிருந்து இரண்டு விரல் கனமே எழும்பியிருக்கிறாள், அதற்குள் அத்தனை மடிப்பு. பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன். சொம்பின் கழுத்து என்றது மூடிய கைமுட்டி. வயிறு என்றது, அதில் கொத்தாகப் பிடித்த துணி.

"போச்சு," என்றேன். காவலர் ஓரடி தள்ளி நிற்கச் சொன்னார்.

"ஷீ டஸன்ட் வான்ட் டு ட்ரிப்," என்றாள் தாரா, சாதாரணமாக.

"அதானே, தடுக்கி விழாம இருக்கத்தான்! மழையில நான் புடவையத் தூக்கிப் பிடிச்சுட்டு கார்ல ஏறுவேனே, அப்படி," என்று அக்கா நடந்தே காட்டினார். ஜீன்ஸில்.

திரும்பும் வழியெல்லாம் ஒரே வாக்குவாதம்.

"பேசாம அந்த ஸ்லைட டெலீட் பண்ணிடு. யாருக்கும் ஞாபகம் இருக்காது."

"அனுப்பினது நான்தானேக்கா. நானே சொல்லிடறேன்."

ஞாயிறு காலை 10.30. தப்பான ஸ்லைடைத்தான் முதலில் போட்டேன், தலைப்பை மட்டும் மறைத்து. பக்கவாட்டில் எடுத்த படம் அடுத்ததாகக் காத்திருந்தது. தாராவிடம் வாயைத் திறக்காதே என்று சொல்லி வைத்திருந்தேன்.

"இவ கையில என்ன இருக்கு, சொல்லுங்க பாப்போம்?"

மற்ற எட்டுப் பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "வாட்டர் பாட்டில்!"