சரிவகக் காணி

எட்டாம் வகுப்பில் நான் சரிவகத்தின் பரப்பளவு படித்துக்கொண்டிருந்த மாதத்தில்தான், காங்கேசன்துறையில் எங்கள் காணியைத் திருப்பித் தந்தார்கள். நான் பிறப்பதற்கு முன்பே இராணுவம் எடுத்துக்கொண்ட காணி. அப்பாவும் மாமியும் வளர்ந்த இடம். மாமி அப்பாவின் அக்கா. மாமா காணாமல் போன பிறகு புத்தூரில் ஒரு வாடகை வீட்டில், தையல் தைத்துத் தனியாகச் சீவித்தார். காணியைச் சரிபாதியாகப் பிரித்தால் தன் பங்கில் சின்னதாய் ஒரு வீடு கட்டலாம் என்று காத்திருந்தார்.

காடாய் மண்டியிருந்த பற்றையை வெட்டிய பிறகு ஒரு சனிக்கிழமை அப்பா, மாமி, நான் மூவரும் போனோம். பழைய வீட்டின் அத்திவாரமும் ஒரு கிணறும்தான் மிச்சம். மாமி அத்திவாரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். எனக்கோ துக்கம் வரவில்லை. றோட்டுப் பக்கம் குறுகல், பின்னால் சின்ன ஒழுங்கை போகும் பக்கம் அகலம், இரண்டும் சமாந்தரம். புத்தகத்துச் சரிவகம் நேரில் வந்து படுத்திருக்கிறது என்று துள்ளிக் குதித்தேன்.

எங்கள் ஊரில் வேலி ஒரு சாண் நகர்ந்ததற்காகக் கோடேறி வழக்காடியவர்கள் உண்டு. அப்பா வேறு விதமான திருடர். றோட்டுப் பக்கம் சரி நடுவில் கட்டை அடித்தார். பின்பக்கமும் நடுவில் அடித்தால் கிணறு எங்கள் பங்கில் விழும். மாமி தேத்தண்ணி ஊற்றத் திரும்பிய நேரம் பார்த்து, அந்தக் கட்டையை எங்கள் பக்கமாகத் தள்ளி அடித்தார். கயிறு கட்டியபோது கிணறு மாமியின் பங்கில் இருந்தது.

நான் இரண்டு பங்கையும் நாடாவால் அளந்து, சமாந்தரப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இடையில் இருந்த தூரத்தால் பெருக்கினேன். மண்ணில் குச்சியால் எழுதிய விடையைப் பார்த்துவிட்டுக் கத்தினேன்.

"அப்பா, மாமியின்ரை பக்கம் பெரிசு!"

மாமி பிளாஸ்கைக் கீழே வைத்தார். "என்ன தம்பி, எனக்கு இரக்கப்பட்டுக் காணி தாறியோ? அப்பிடியெண்டா எனக்கு உந்தப் பங்கே வேண்டாம்."

"சும்மா இருங்கோ அக்கா. உவள் இப்பதான் படிக்கிறாள். கணக்குப் பிழைச்சுப்போட்டுது."

என் கண் நிறைந்துவிட்டது. பிழையில்லை என்று எனக்குத் தெரியும். அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு வேலிக்கு நடக் கதியால் வெட்டப் போனதும் மாமி என்னருகில் குந்தினார்.

"அழாதை. எப்பிடிச் செய்தனி? காட்டு பாப்பம்."

காட்டினேன். பின்கட்டை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று கேட்டார். அதையும் அளந்து சொன்னேன். அந்த அளவை விரலால் மண்ணில் ஒருமுறை கோடிட்டுப் பார்த்துவிட்டு, எழுதியதை உள்ளங்கையால் அழித்தார்.

"அப்பாட்டை ஒண்டும் சொல்லாதை, என்ன?"

நாங்கள் குடியிருந்த உடுப்பிட்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்பா குனிந்து காதுக்குள் சொன்னார். "உன்ரை கணக்குச் சரிதான் பிள்ளை."

"அப்ப ஏன் பிழையெண்டு சொன்னனீங்கள்?"

அவர் நடத்துநரிடம் ரிக்கெற் காசை நீட்டினார்.

மாமி ஆள் பிடித்து வேலி அடைத்தபின் மறுபடி போனோம். கிணறு அவர் பக்கமே இருந்தது. ஆனால் றோட்டுப் பக்கம் வேலி நடுவில் நிற்கவில்லை. மாமியின் பங்குக்குள் தள்ளி நின்றது. விடுவேனா? திரும்பவும் அளந்து பெருக்கினேன். இரண்டு துண்டும் அச்சொட்டாக ஒன்று. பின்னால் அப்பா விட்டுக்கொடுத்த அகலத்தை முன்னால் மாமி திருப்பித் தந்திருந்தார்.

"வேலி கோணிப்போச்சே அக்கா," என்றார் அப்பா.

"அடைச்சவனைக் கேள். எனக்கு உந்தக் கணக்கெல்லாம் தெரியுமே?" என்று மாமி கிணற்றடிக்குப் போய்விட்டார்.

"கோணினாலும் இப்ப ரெண்டும் சரிபாதி, அப்பா!" என்றேன். இந்த முறை மெச்சுவார் என்று நினைத்தேன். அவர் வேலியைப் பிடித்தபடி நின்று, சறத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பங்கு சமமாக வந்ததற்குப் போய் ஒருவர் அழுவாரா என்று அன்று எனக்கு விளங்கவேயில்லை.