ஸ்டாப்பர் இடத்துக்கு இரண்டு பேர்

தென்காசியில் பெண் பிள்ளைகள் கால்பந்து ஆட ஆரம்பித்தது எழுபத்தாறாம் வருஷம். டிரில் மாஸ்டர் ஆவுடைநாயகம் சார் மதுரைப் பக்கம் எங்கோ பெண்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "நம்ம பிள்ளைகளுக்கு மட்டும் கால் இல்லையா?" என்று அவர் பள்ளிக்கூடத்தில் கேட்டபோது முதலில் கையைத் தூக்கியவள் பேராச்சி. மேலகரத்தில் வயல் வைத்திருந்த செல்லப்பாவின் மகள். வரப்பில் ஓடிப் பழகிய கால் என்பதால் வழுக்கினாலும் விழமாட்டாள். சார் அவளைக் கோலுக்கு முன்னால் நட்ட நடுவில் நிறுத்தினார். அந்த இடத்துக்கு ஸ்டாப்பர் என்று பெயர். வருகிற பந்தை நிறுத்த வேண்டும், முடியாவிட்டால் வருகிற ஆளை நிறுத்த வேண்டும்.

வீட்டில் பேராச்சிக்கென்று தனியாக ஒரு தலையணை கூடக் கிடையாது. தட்டு, பாய், பாவாடை எல்லாமே அக்காமார் வைத்திருந்து கழித்தவை. இந்த இடம் ஒன்றுதான் அவளுக்கே அவளுக்கென்று வந்தது. அதனால் சாயங்காலம் மைதானத்தில் போய் நின்றால் காலடியில் கொஞ்சம் மண்ணைத் தேய்த்து, தன் இடத்தைத் தானே ஒருமுறை பார்த்துக்கொள்வாள்.

ஒரு வருஷம் அப்படி நின்றாள். மறுவருஷம் குழல்வாய்மொழி வந்தாள்.

கேரள எல்லையில், புளியறைச் சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் லாரிக்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தளவாயின் மகள் அவள். தளவாய் சுத்தமான தென்காசிக்காரர். பெண்டாட்டி ஓமனா புனலூர். குற்றாலத்து அம்மன் பேரை அப்பா வைத்தார். அம்மா அதைச் சொல்ல வராமல் "மோளே" என்று கூப்பிட்டாள். பிள்ளை இரண்டு பாஷையையும் ஒரே மூச்சில் பேசும். தீபாவளிக்கு ஒரு புதுத்துணி, ஓணத்துக்கு ஒரு புதுத்துணி. லீவு விட்டால் போவதற்கு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு. ஈரத்தலையை விரித்துப் போட்டபடி அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததைப் பார்த்த அன்றைக்கே பேராச்சி காலடி மண்ணை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

"ஏட்டி மலையாளத்தி, இங்கன கப்பக்கிழங்கா அவிக்காங்க? பந்துல்லா ஆடுதோம்."

"கிழங்கு தின்ன காலு எப்படி இருக்கும்னு பக்கத்துல வந்து பாரு" என்றாள் குழல்வாய்மொழி.

பேராச்சி போய்ப் பார்த்தாள். முழங்கால் வீங்கி நாலு நாள் நொண்டினாள்.

ஒரு மாதம் கழித்து சார், பஸ்ஸில் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுகிற மாதிரி, "பேராச்சி, நீ வலதுபக்கம் போம்மா. நடுவுல அவ நிக்கட்டும்" என்றார். பேராச்சி தள்ளிப் போனாள். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

"கால்சட்டை போட்டுக்கிட்டு ஆம்பளை மாதிரி குதிச்சிட்டு வருதே, பசிக்கலையாக்கும்? ஆக்கங்கெட்ட மூதி, ஒன்னைய எவன் கெட்டுவான்?" என்றாள் அம்மா பாலம்மாள். கல்யாணம் ஆகாமல் போவது ஒரு துக்கமாகவே பேராச்சிக்குத் தோன்றவில்லை.

ஓமனாவோ, வாரத்தில் ஒருநாள் புளியறையிலிருந்து பஸ் ஏறி வந்து மைதானத்து ஓரத்தில் நிற்பாள். தூக்குப்பாத்திரம் நிறையச் சீரகத் தண்ணீர். எல்லாருக்கும் ஊற்றுவாள். மகளுக்குப் பக்கத்தில் நின்று ஆடுகிறவள் என்று பேராச்சிக்குத்தான் முதல் தம்ளர். பேராச்சி வாங்கிக் குடிப்பாள். நன்றாக வேறு இருக்கும். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

அந்த மைதானத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மேற்கே மலை, கிழக்கே ரோடு. இரண்டு பக்கமும் கோல் கம்பம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஆளையே சாய்க்கும். கிழக்கேயிருந்து எவ்வளவு உயரமாக அடித்தாலும் பந்து நடுவானத்தில் யோசித்து நின்று, அடித்தவளைப் பார்க்கவே திரும்பி வரும். அதனால் மேற்கு கோலைக் காக்கிறவர்கள், பந்து விழும் என்று கண் சொல்லுகிற இடத்தில் நிற்கக் கூடாது. நாலெட்டு முன்னால் போய் நிற்க வேண்டும். தென்காசிப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. சாயங்கால வெயில் முதுகில் பட்டால் கால் தானாக முன்னால் போய்விடும்.

இரண்டு பேரும் பேசிக்கொள்வது குறைவு. ஆனால் ஆட்டத்தில் ஒரு தையலில் போட்ட மாதிரி இருந்தார்கள். குழல்வாய்மொழி குதித்தால் அவளுக்குப் பின்னால் பேராச்சி வந்து நிற்பாள். பேராச்சி மேலே ஏறினால் விட்ட இடத்தை அவள் மூடுவாள். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. ஜெயித்த பிறகு ஊர்க்காரர்கள், "அந்தப் புளியறைப் பிள்ளை சுவரு மாதிரில்லா நிக்கா!" என்று சொல்லிப் போவார்கள். சுவருக்கு முட்டுக் கொடுத்தவளைப் பற்றிப் பேச்சே இருக்காது.

எழுபத்தொன்பதில் தமிழ்நாடு அணிக்கு எடுத்தார்கள். குழல்வாய்மொழிக்கு ஸ்டாப்பர் இடம். பேராச்சிக்கு வெளியே பெஞ்சில் இடம். பேப்பரில் படம் வந்தது. குழல்வாய்மொழி நடுவில் சிரித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது. "அது என் கைதான்" என்று பேராச்சி வீட்டில் காட்டினாள். பாலம்மாள் உற்றுப் பார்த்துவிட்டு, "கறுத்துல்லா போச்சு" என்றாள்.

அடுத்த வருஷம் குற்றாலத்தில் சீசன் நன்றாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அணிப் பிள்ளைகள் எல்லாரும் மெயின் அருவிக்குக் குளிக்கப் போனார்கள். குளித்து முடித்து, சாரல் படாத ஒரு கடை ஓரமாகப் பேராச்சியும் குழல்வாய்மொழியும் நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தோடு ஒதுங்கினார்கள்.

"மாமா கொல்லத்துலேருந்து ஆளு விட்டிருக்காரு" என்றாள் குழல்வாய்மொழி. "கேரளா அணியில என்னைய கூப்பிடுதாங்க. அங்கன வீட்டுல தங்கி ஆடுனா போதுமாம். அம்மாவுக்கு ஆசை. அப்பாவுக்கு முகம் தொங்கிட்டு. எனக்கு ஒண்ணும் புரியல. நீ என்ன சொல்லுத?"

பேராச்சி வறுவலை மென்றாள். இவள் போனால் நடு இடம் காலி. பெஞ்சிலிருந்து எழுந்து நடந்தால் அது அவள் இடம். மனசு இவ்வளவு வேகமாகக் கணக்குப் போடும் என்று அவளுக்கே தெரியாது.

"போயேன். இங்கன என்ன இருக்கு ஒனக்கு?"

"இங்கனதான ஆடிக்கிட்டிருக்கேன்."

"இந்த வருஷம் ஒன்னைய எடுக்க மாட்டாங்களாம். மலையாளத்துப் பிள்ளைய எதுக்குத் தமிழ்நாட்டுக்கு ஆடவைக்கணும்னு மேல பேசிக்கிடுதாங்களாம். சார்தான் சொன்னாரு."

"சாரா சொன்னாரு?"

"பின்ன, நானா சொல்லுதேன்?"

குழல்வாய்மொழி பொட்டலத்தை மடித்துப் பேராச்சி கையில் கொடுத்துவிட்டுத் தலையைத் துவட்டப் போனாள். பத்து நாளில் கொல்லம் ரயிலேறிவிட்டாள்.

அந்த வருஷம் தமிழ்நாடு அணியில் ஸ்டாப்பராகப் பேராச்சியை எடுத்தார்கள். முகாமில் காலையில் பயிற்சி, குறையொன்றும் இல்லை. திருச்சியில் நடந்த போட்டியில் முதல் ஆட்டமும் காலையில்தான். ஜெயித்தார்கள். ஒரு பெரியவர் வந்து, "நடுவுல நின்ன பொண்ணு நீதானேம்மா?" என்று கேட்டபோது பேராச்சி, "நாந்தான்" என்று இரண்டு தடவை சொன்னாள். அந்தக் கேள்விக்காகத்தான் அவள் இத்தனை வருஷம் காத்திருந்தாள்.

அடுத்த ஆட்டம் கேரளாவோடு. சாயங்காலம். இலை அசையாத புழுக்கம். எதிர்ப்பக்கம் நடுவில் குழல்வாய்மொழி நின்றாள். வேறு நிறச் சட்டை, அதே நிற்பு. முதல் பாதியில் ஒன்றும் நடக்கவில்லை. பாதி முடிந்து பக்கம் மாறினார்கள். இப்போது பேராச்சிக்கு முதுகில் வெயில்.

பந்து குழல்வாய்மொழியின் காலுக்கு வந்தது. அவள் யாருக்கும் தட்டிவிடவில்லை. தலையைத் தூக்கிப் பேராச்சியை ஒரு தடவை பார்த்தாள். வானத்துக்கு அடித்தாள். பந்து உயரமாக வந்தது. பேராச்சியின் கால் முன்னால் போனது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பந்து நடுவானத்தில் நிற்கும், யோசிக்கும், திரும்பும் என்று கால் நம்பியது. அது எங்கேயும் நிற்காமல் அவள் தலைக்கு மேலே போய் விழுந்தது. அங்கே ஓடிவந்த கேரளாப் பிள்ளை ஒருத்திக்கு வேலையே இல்லை. காலை வைத்தாள், கோல்.

"அங்கே எதுக்கும்மா போய் நின்ன?" என்று கோல்கீப்பர் கத்தினாள். எதற்கு என்று அந்த மைதானத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

ஆட்டம் அந்த ஒரு கோலில் போனது. குழாயடியில் பேராச்சி முகம் கழுவிக்கொண்டிருந்தபோது குழல்வாய்மொழி வந்து பக்கத்துக் குழாயைத் திறந்தாள்.

"என்னையக் குறி வச்சுத்தான அடிச்ச?"

"ஆமா."

"வெயில் முதுகுல வாரது வரைக்கும் காத்திருந்தியாக்கும்?"

"ஆமாங்கேன். நீ நாலெட்டு முன்னால வருவேன்னு எனக்குத் தெரியாதாட்டி? எனக்கும் அந்தப் பழக்கம் இருந்துச்சு. கொல்லத்துல நாலு கோலு விட்டு, தமிழ்நாட்டுப் பாண்டிக்காரின்னு பேச்சு வாங்கி, அப்புறந்தான் போச்சு." குழல்வாய்மொழி காலைக் கழுவினாள். "சார் அப்படி ஒண்ணும் சொல்லலைன்னும் தெரியும். மறுநாளே போய்க் கேட்டேன். அவரு முழிச்சாரு."

பேராச்சியின் கையில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. "தெரிஞ்சுமா போன? எதுக்கு?"

"நீ என் பின்னால நிப்பேன்னு நம்பித்தான் நான் குதிப்பேன். அன்னைக்கு அருவியில அது போச்சு. பின்ன எப்படி ஒன் பக்கத்துல ஆட?"

சண்டை போட்டிருந்தால் பேராச்சி பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். குழல்வாய்மொழியோ குழாயை மூடிவிட்டுப் போய்விட்டாள். தான் செய்த தப்பில் கூட, தன்னை விட அவள் மேலே நிற்கிற மாதிரி ஆகிவிட்டதே என்றுதான் பேராச்சிக்கு எரிந்தது.

மறுவருஷம் பேராச்சியைக் கூப்பிடவில்லை. எண்பத்திரண்டில் பாவூர்சத்திரத்துக் காய்கறி வியாபாரி குற்றாலிங்கத்துக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல மனுஷர். விடியுமுன்னே கமிஷன் கடைக்குப் போய்விடுவார். மாமியார்க்காரியிடம் மருமகள் பந்தாடியவள் என்று சொல்லவில்லை. நன்றாக ஓடுவாள் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

குழல்வாய்மொழி ஆடிக்கொண்டே இருந்தாள். கேரளா அணிக்குக் கேப்டனானாள். இந்திய அணிக்கான முகாமுக்கு இரண்டு தடவை போய்க் கடைசிச் சுற்றில் திரும்பி வந்தாள். ஒவ்வொரு சேதியும் காய்கறி மூட்டையோடு யார் வாயிலாவது பாவூர்சத்திரம் வந்து சேரும். "ஒங்க கூட ஆடுன பிள்ளையாமே!" என்பார்கள். பேராச்சி, "ஆமா, நல்லாத்தான் ஆடுவா" என்று சொல்லிவிட்டு அன்றைக்குக் குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டுவிடுவாள். திரும்பி வந்துவிட்டாள் என்ற சேதி வந்த நாட்களில் மட்டும் சமையல் சரியாக இருந்தது.

எண்பத்தேழில் குழல்வாய்மொழிக்கு முழங்கால் போனது. ஆபரேஷன் செய்து புளியறையில் கிடக்கிறாள் என்றார்கள். குற்றாலிங்கம்தான், "ஒரு எட்டு பாத்துட்டு வாயேன், அதுக்கென்ன?" என்று ஒரு பை நிறைய முருங்கைக்காயும் தக்காளியும் கட்டிக் கொடுத்தார்.

வீட்டில் ஒரே கூட்டம். புனலூர்க்காரர்கள் ஒரு பக்கம், தென்காசிக்காரர்கள் ஒரு பக்கம். இரண்டு பாஷையிலும் ஐயோ என்றார்கள். கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக் குழல்வாய்மொழி படுத்திருந்தாள். முழங்கால் போனாலும் பார்ப்பதற்கு இத்தனை சனமா என்று பேராச்சிக்கு உள்ளே பழைய எரிச்சல் தலைகாட்டியது. தான் ஆடுவதை நிறுத்தியபோது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஓமனா எல்லாரையும் சாப்பிடக் கூட்டிப் போனதும் அறையில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். பழைய பேச்சு எதையும் யாரும் எடுக்கவில்லை.

"என் இடத்துக்கு ஆளு எடுத்துட்டாங்க" என்றாள் குழல்வாய்மொழி, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு.

"எவ அவ?"

"கண்ணூர்ப் பிள்ளை. பதினெட்டு வயசு. நேத்து ஆட்டத்துல ஒரு கோலு விடலையாம். எல்லாரும் வந்து அதைச் சொல்லுதாங்க, நான் சந்தோசப்படுவேன்னு." அவள் போர்வை ஓரத்து நூலைப் பிய்த்தாள். "நெஞ்சுக்குள்ள மொளகாய அரைச்சு வச்ச மாதிரி இருக்குட்டி. தூக்கம் இல்லை. அந்தப் பிள்ளை வழுக்கி விழணும்னு தோணுது. அசிங்கமா இருக்கு. இதை வச்சுக்கிட்டு எப்படி நாளைத் தள்ள? நீ சொல்லேன். ஒனக்குத்தான் இதுல பழக்கம்."

பேராச்சிக்கு முதலில் சுருக்கென்றது. அப்புறம், இத்தனை வருஷத்தில் இவள் தன்னிடம் கேட்டு வாங்குகிறதற்கு ஒரு பொருள் இருக்கிறதே என்று தோன்றியது. கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். ஸ்டூலை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

"மொதல்ல அவளுக்கு ஆடவே தெரியலைன்னு சொல்லிக்கிட்டுத் திரிவ" என்றாள். "அது ஒரு வருசம் தாங்கும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறந்தான் கஷ்டம். தள்ளிப் படு, சொல்லுதேன்."