மொட்டைமாடி மிளகாய்

போர்க்காலத்தில், வெயிலின் புற ஊதாக் கதிர் வவுனியா மிளகாய்ச் செடிகளை என்ன செய்கிறது என்று அளக்க அரசாங்கம் எனக்கு ஆராய்ச்சி நிதி தந்தது. கதிரை அளக்கும் கருவியை அங்கே கொண்டுபோகத்தான் பாதுகாப்பு அனுமதி கிடைக்கவில்லை. கொழும்பில் அந்த நிதிக்குப் பொறுப்பான கிளாக்கர், கக்கத்தில் எப்போதும் கறுப்புக் குடை வைத்திருப்பவர், வழி சொன்னார்.

“கருவிய எங்கட ஒபிஸ் மொட்டைமாடியில பூட்டுங்கோ. ரெண்டு பூச்சாடியில மிளகாய் வைப்பம். இல்லாட்டி நிதி திரும்பிப் போயிரும்.”

பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தேன். செடிகளைக் கொழும்பிலேயே இருக்கும் கொட்டாஞ்சேனையிலிருந்து அவரே கொண்டுவந்தார்.

ஒரு மாதம் கழித்து உச்சி வெயிலில் மாடியேறினேன். செடிகளுக்குக் குடை பிடித்தபடி நின்றார்.

“என்ன ஐயா செய்யிறியள்?”

“வெயிலுக்கு வாடுது. ஒவ்வொரு நாளும் லஞ்சுக்கு வந்து பிடிக்கிறனான்.”

திட்ட வாயெடுத்தேன். குடைக்கு வெளியே அவருடைய வழுக்கைத் தலை கருகிக் கறுத்திருந்தது.