அடியில் வைத்த பொட்டு

அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்த பரந்தாமன், கம்பெனி மூடியபின் பாரிவாக்கத்துத் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கரெண்டு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ஒரு பெட்டியில் பேட்டரி, ஒயர், ஹோல்டரில் மாட்டிய டார்ச் பல்புகள், அவ்வளவுதான். ஆணியில் கம்பியைச் சுற்றினால் குண்டூசி ஒட்டுவதைப் பார்த்து ஒரு பிள்ளை வாயைப் பிளந்தால்தான் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கும்.

கொரட்டூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள், விஜயதசமியன்று ஒரு வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னார்கள். பிடித்துப்போனால் ஞாயிறுதோறும் சம்பளத்தோடு வகுப்பு. இல்லாவிட்டால், மச்சான் வரதன் பேசிவைத்திருந்த செக்யூரிட்டி வேலைதான், வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி வாசலில். அதற்கான சட்டை ஏற்கெனவே ஆணியில் தொங்கியது.

ஆயுத பூஜை காலையில் எல்லா பல்பையும் எரித்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைச் சாமி முன்னால் வைத்தார். பூசணிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பினபோது, மனைவி தாட்சாயிணி பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, பூ சாத்தியிருந்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது. அவரும் தொடவில்லை.

மறுநாள் அடுக்குமாடி ஹாலில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். பின்னால் அப்பா அம்மாக்கள். பரந்தாமன் ஒயரைச் சேர்த்தார். பல்பு எரியவில்லை. வேறொன்றை ஹோல்டரோடு எடுத்து வைத்தார். அதுவும் இல்லை. பேட்டரியை மாற்றினார், ஒயர் முனையைச் சுரண்டினார். நேற்று எரிந்த பல்பாயிற்றே என்று, பல்பை மட்டும் கழற்றிப் பார்க்கத் தோன்றவில்லை.

முன்வரிசையில் இருந்த ஜோதிகா என்ற சிறுமி கேட்டாள்: "அங்கிள், உங்க பெட்டியில கரெண்ட் கட்டா?"

ஹாலே சிரித்தது. குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் ராகேஷ் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "பரவால்ல சார், ரெஸ்ட் எடுங்க. ட்ராயிங் மிஸ் வெயிட் பண்றாங்க. ஞாயித்துக்கிழமைய அவங்களுக்கே குடுத்துடலாம்னு எல்லாரும் சொல்றாங்க."

"நேத்து எரிஞ்சுது சார்," என்றார் பரந்தாமன். அதற்குள் தரையில் படம் வரையும் தாள்களை விரித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பல்பைத் திருகிக் கழற்றினார். அடியில், ஹோல்டரில் படவேண்டிய ஈய முனையில், சந்தனம் காய்ந்து அப்பிக்கிடந்தது. அதன்மேல் குங்குமம். அடுத்ததிலும். எல்லாவற்றிலும்.

தாட்சாயிணி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். "இன்னாயா, பல்பையே பாத்துகினு கீற? ஒவ்வொண்ணா கழட்டிப் பொட்டு வெச்சு, திரும்ப மாட்டினேன். கண்ணாடி மேல வெச்சா வெளிச்சத்த மறைக்குமேன்னு அடியில வெச்சேன். நல்ல ரோசனைதான?"

"நல்ல ரோசனதான்."

"எரிஞ்சுதா? புள்ளைங்க இன்னா சொல்லிச்சுங்கோ?"

பரந்தாமன் பல்பை மறுபடி ஹோல்டரில் திருகினார்.

"எரிஞ்சுது," என்றார். "ஞாயித்துக்கிழமைல அவங்களுக்கு ட்ராயிங் கிளாஸாம். அதான் தோதுப்படல."

பெட்டியை மூடிப் பரண்மேல் ஏற்றிவிட்டு, ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தார். தோளில் கொஞ்சம் பிடித்தது.