இழுபடுகிற கயிறு

கயிற்றுக்கடையில் வேலை செய்கிறவர் கயிற்றைப் பற்றி ஒன்றைச் சொன்னால், ஒன்பது வயதுப் பிள்ளை நம்பாமல் என்ன செய்யும்? எங்கள் மாமா, கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகத்துக்கு இறங்குகிற வீதியில் வள்ளங்களுக்குக் கயிறு விற்கிற கடையில் நின்றவர். அக்கா மலையேறுவதற்கென்று வாங்கிவந்த பச்சைக் கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு, கையால் மேலே இழுத்துப் பார்த்தார்.

"ஐயோ மாமா, மிதிக்காதீங்கோ!" என்று அக்கா பாய்ந்தாள்.

"மிதிச்சா நோகுமோ இதுக்கு? இழுபடுதே பிள்ளை! இது கயிறோ, பாவாடைக்குப் போடுற இலாஸ்டிக்கோ?"

அம்மாவுக்கு அது போதுமாயிருந்தது. "எங்கட வீட்டில ஆரும் கதிரையில ஏறி பல்ப் மாத்தினதில்லை. இவளுக்குக் கல்லில ஏறோணுமாம்."

அக்கா சிரித்துவிட்டுப் போய்விட்டாள். மாமா அடுத்த முறை வந்தபோது அதே தடிப்பில் ஒரு வெள்ளைக் கயிற்றைக் கொண்டுவந்து வைத்தார். நான் அதை யன்னல் கம்பியில் கட்டி முழுப் பலத்தோடும் இழுத்தேன். அசையவில்லை. அக்கா அதைத் தொட்டும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை விடிய, அவள் குளித்துக்கொண்டிருந்த நேரம், பையைத் திறந்து பச்சையை எடுத்துவிட்டு வெள்ளையைச் சுருட்டிக் கட்டி வைத்தேன். பச்சை என் கட்டிலுக்கடியில் போனது. அக்கா பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மலையேறப் போக குருநாகல் பஸ்ஸுக்கு ஓடினாள். ஓர் உயிரைக் காப்பாற்றிய நிம்மதியோடு நான் பாணும் சம்பலும் சாப்பிட்டேன்.

மத்தியானம் மாமா சாப்பிட வந்தார். சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "கடைக்கு வந்த கப்பல்காரர் ஒருத்தரிட்ட கேட்டனான். பிள்ளை வாங்கினதுதான் சரியாம். ஆள் விழுந்தா கயிறு கொஞ்சம் இழுபட்டுக் குடுக்கோணுமாம். என்ர கயிறு அசையாது. வெடுக்கெண்டு பிடிச்சா இடுப்பு முறிஞ்சிடுமாம்."

"நல்லகாலம், அவள் அதைக் கொண்டுபோகேல்ல," என்று அம்மா அவருக்கு இன்னும் கொஞ்சம் பருப்பு விட்டார்.

நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தேன். கண்ணை மூடினால் அக்கா விழுந்தாள். திறந்தாலும் விழுந்தாள். கீழ்வீட்டில் தேங்காய் உடைத்தார்கள். எனக்கு அந்த 'வெடுக்'தான் கேட்டது. கை கழுவப் போன மாமாவின் சாரத்தைப் பிடித்து அறைக்குள் இழுத்தேன். கட்டிலுக்கடியைக் காட்டினேன். குனிந்தவர் நிமிரச் சுணங்கினார்.

"கொம்மாட்ட மூச்சு விடாத," என்றார்.

அக்காவின் போனுக்கு அடித்தார். லைன் போகவில்லை. படியில் நின்று அடித்தார், வீதியில் இறங்கி அடித்தார். அன்று அவர் கடைக்குத் திரும்பவில்லை. இருவரும் பல்கனியில் நின்று, வாசலில் நிற்கிற ஒவ்வொரு த்ரீவீலையும் பார்த்தோம். உள்ளே அம்மாவின் போன் அடிக்கும்போதெல்லாம் மாமா கம்பியை இறுக்கிப் பிடித்தார். நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி, பிள்ளையாருக்குத் தேங்காய் என்று நேர்ந்து, போதாதென்று பயந்து இரண்டையும் இரட்டிப்பாக்கினேன்.

பொழுதுபட அக்கா நடந்து வந்தாள். தன் கால்களால்.

மலையடியில் பையைத் திறந்ததுமே கண்டுவிட்டாளாம். ஏறப்போன ஐந்து பேருக்கும் அந்த ஒரு கயிறுதான். அங்கே சிக்னலும் இல்லை. கல்லை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். வெள்ளைக் கயிற்றை மேசையில் போட்டாள்.

"ஆர் செய்தது?"

"நான்தான்," என்றார் மாமா, என் தலைக்கு மேலால்.

அக்கா கயிற்றுச் சுருளைப் பார்த்தாள். அது சப்பாத்து நாடா கட்டுவதுபோல இரட்டைக் காது வைத்துக் கட்டப்பட்டிருந்தது. கயிற்றுக்கடைக்காரர் யாரும் அப்படிக் கட்டமாட்டார். அவள் ஒரு காதை இழுத்து அவிழ்த்தாள்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து விடிய என்னை எழுப்பத் தொடங்கினாள். பச்சைக் கயிற்றை நுனியிலிருந்து நுனிவரை என் விரல்களுக்குள்ளால் விடவேண்டும். எங்கேயாவது மெத்தென்று பட்டாலோ, பிசிறு தட்டினாலோ சொல்லவேண்டும்.

"ஓம் எண்டு நீ சொன்னாத்தான் ஏறுவன்."

அறுபது மீட்டர். நித்திரை கண்ணைச் செருக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு தடவுவேன். அவள் தேத்தண்ணிக் கோப்பையோடு எதிரே இருந்து, கடைசி நுனி வரும்வரை பஸ்ஸையும் மறந்து பொறுத்திருப்பாள். இதற்குப் பதிலாக அன்றைக்கே இரண்டு அடி போட்டுவிட்டிருக்கலாம் என்றுதான் நான் நினைத்தேன்.